இரவல் பெயரில் ஆடியவர்

என் மனுசன் இருபது வருசம் கூடைப்பந்து ஆடினார். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு ஒருநாளாவது தன் சொந்தப் பெயரில் ஆடவில்லை. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

அவருடைய பெயர் லியோன். குருநகரில் எங்கள் சனத்துக்குள் அவரளவு உயரம் ஒருவரும் இல்லை. பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் அந்த உயரத்தைக் கண்டு பந்தைக் கையில் கொடுத்தார்கள். படிப்பு முடிந்ததும் பந்தை வாங்கி வைத்துக்கொண்டு ஆளை அனுப்பிவிட்டார்கள். பிறகு தமையன் சந்தியோகுவோடு கடலுக்குப் போனார். ஆனால் மனம் வலையில் நிற்கவில்லை. எங்கேயாவது கூடைப்பந்துப் போட்டி என்று காதில் விழுந்தால் போதும், தமையனிடம் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டுவிடுவார்.

அந்தக் காலத்தில் கழகங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஊர்க்காரர் மட்டும்தான் ஊர் அணியில் ஆடலாம் என்பது விதி. ஊரில் ஆள் பற்றாவிட்டால் வெளியிலிருந்து ஒருவனைப் பிடித்து, ஊர்க்காரன் ஒருவனின் பெயரைச் சூட்டி இறக்கிவிடுவார்கள். எல்லாரும் இதைச் செய்ததால் ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுப்பதில்லை. இவர் மானிப்பாயில் ஒரு பெயர், பருத்தித்துறையில் ஒரு பெயர் என்று ஆடித் திரிந்தார். கொடுக்கிற சட்டை வேறு யாரோ போட்டு வேர்த்துக் கொட்டியதாகவே இருக்கும். அதைத் துவைத்தது நான். ஊரான் வேர்வை எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது. வாளிக்குள் கை வைக்கவே எனக்கு அருவருப்பாக இருக்கும்.

சுன்னாகத்தில் நடந்தது கல்யாணமான புதிதில். அங்கே ஒரு கழகம் இவருக்கு மார்க்கண்டு என்று பெயர் வைத்தது. எதிரணி சந்தேகப்படக் கூடாதென்று நெற்றி நிறையத் திருநீறும் பூசிவிட்டது. கடைசி ஆட்டம் முடியப்போகிற நேரம், எதிரணி இவரைத் தள்ளி விழுத்தியதால் தனியாக நின்று ஒரு பந்து எறிய இவருக்குக் கிடைத்தது. விழுந்தால் கிண்ணம் இவரைக் கூட்டிவந்த கழகத்துக்கு. இவர் கண்ணை மூடினார். பழக்கதோஷத்தில் பெருவிரலால் நெற்றியில் சிலுவை கீறினார். பந்து கூடைக்குள் விழுந்தது. திரும்பிய மனுசனின் நெற்றியில், திருநீற்றுக்கு நடுவே, சிலுவை பளிச்சென்று தெரிந்தது. கண்ணுக்கு முன்னால் கிடக்கிறதை இல்லையென்று சொல்ல யாரால் முடியும்? மைதானமே விழுந்து விழுந்து சிரித்தது. இவன் மார்க்கண்டு இல்லையென்று எதிரணி மறித்து நின்றது, கிண்ணமும் போயிற்று. கழகத்துக்காரர் சட்டையை அந்த இடத்திலேயே கழற்றி வாங்கிக்கொண்டு, கூட்டிவந்த காரில் ஏற்றாமல் போய்விட்டார்கள். வெறும் மேலோடு குருநகர் வரை நடந்து வந்து, தன்னால் அவர்களுக்குத் தோல்வியாகிவிட்டதே என்று என்னிடம் கவலைப்பட்டார். அவர்களுக்காம். இப்படியும் ஒரு ஆண்பிள்ளையா என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

பிறகு கொழும்பில் ஓர் அலுவலகத்து அணி கூப்பிட்டது. அங்கேயும் வேலை செய்கிறவர்கள்தான் ஆடலாம். மானிப்பாய் முருகேசு அங்கே கிளாக்கர். பந்து உருண்டு வந்தால் காலைத் தூக்கிக்கொண்டு கதிரையில் ஏறுகிற ஆள். அவர் பெயரில் இவர் வருசக்கணக்காக ஆடினார். பரிசளிப்பு நாளில் முருகேசு கோட் போட்டுக்கொண்டு மேடை ஏறுவார், இவர் கீழே நின்று கை தட்டுவார். பத்திரிகைக்குப் படம் எடுத்தபோது முருகேசு பந்தைப் பலாப்பழம் போலக் கட்டிப் பிடித்திருந்தார். சான்றிதழெல்லாம் முருகேசுவுக்கு, முழங்கால் வீக்கம் இவருக்கு.

எழுபதுகளின் கடைசியில் பெயின்ற் அடிக்கிற வேலைக்குக் குவைத் போனார். கம்பனிகளுக்குள் அங்கேயும் போட்டி. லீவில் போன கோவாக்காரன் ஒருவனின் சட்டை, முதுகில் அவன் பெயரோடு, இவர் மேல் ஏறியது. ஒரு வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் முழங்கால் ஒரேயடியாகப் போய்விட்டது. வைத்தியர் கோவாக்காரனின் பெயருக்கு மருந்து எழுதினார். கம்பனி இவரைப் பிளேனில் ஏற்றிவிட்டது.

நொண்டிக்கொண்டு வந்த மனுசனைக் கடலுக்கு அனுப்பவும் முடியாது. அந்த நேரம்தான் அந்த உத்தியோகம் வந்தது. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்க ஓர் ஆள் வேண்டுமாம். ஆண்டவர் இவருக்கென்றே அனுப்பியிருக்கிறார் என்று நினைத்தேன். இது கிடைத்தால் மனுசன் வீட்டோடு இருப்பார், சனம் அவரை அவர் பெயரால் அறியும். எனக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. அந்தோனியாருக்கு நேர்ந்துகொண்டு, சட்டையை நானே மினுக்கிக் கொடுத்து அனுப்பினேன்.

ஆடியதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார்களாம். இவர் உள்ளதைச் சொல்லியிருக்கிறார். யாருடைய பெயர்களில் ஆடினேன் என்பதை மட்டும் சொல்லவில்லை, காட்டிக்கொடுப்பது சரியில்லையாம். பொய்ப் பெயரில் ஆடியவனைப் பிள்ளைகளுக்கு முன்னால் எப்படி நிறுத்துவது என்று அதிகாரி முகத்தைச் சுழித்தாராம். இவருக்குப் பிறகு உள்ளே போனவர் முருகேசு, கை நிறையச் சான்றிதழோடு. உத்தியோகம் அவருக்கே கிடைத்தது.

அடுத்த கிழமை முருகேசு ஒரு பிஸ்கட் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். வெட்கம், மானம் ஒன்றும் முகத்தில் இல்லை. பட்டணத்துப் பள்ளிக்கூடங்களில் விசிலை ஊதிக்கொண்டு எப்படியோ சமாளித்துவிடுவாராம். அளவெட்டிப் பக்கம் தன்னை ஒருவருக்கும் தெரியாதாம். அங்கே தனக்குப் பதிலாக இவர் போனால் பெரிய உதவியாக இருக்குமாம், கைவிடமாட்டாராம். இவர் ஓம் ஓம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.

வாசலில் நின்ற நான் கேட்டேன். "போறவர் ஆருடைய பேரிலை போறது?"

முருகேசு பிஸ்கட் பெட்டியைப் பார்த்தார். இவர்தான் பதில் சொன்னார்.

"ஆருடைய பேரெண்டாலும் பறவாயில்லை. எனக்குப் பந்து கையிலை கிடந்தால் காணும்."

முருகேசு போனதும் பிஸ்கட்டை நாய்க்குக் கொட்டினேன். நாய் தின்றது. எனக்கு அதன் மேலும் கோபம் வந்தது.

அதன்பிறகு மனுசன் அளவெட்டிக்குப் போவதும் வருவதுமாக இருந்தார். முகத்தில் ஒரு களை வந்ததை நான் இல்லையென்று சொல்லவில்லை. அந்தக் களையைக் காணத்தான் எனக்குக் கூடுதலாக அருவருத்தது. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, பிள்ளைகள் முருகேசு சேர், முருகேசு சேர் என்று தன்னில் உயிராய் இருக்கிறார்கள் என்று பெருமையாகச் சொன்னார். அடுத்த நாள் அவர் புறப்பட்டுப் போனதும் நானும் பஸ் ஏறினேன். இனி இந்த வேலை வேண்டாம் என்று கையோடு கூட்டிவருவதுதான் என் எண்ணம்.

பள்ளிக்கூட வளவுக்குள் பொடியள் சூழ்ந்து நிற்க, இவர் கெட்ட காலை இழுத்து இழுத்து எறிந்து காட்டிக்கொண்டிருந்தார். ஒரு பந்தும் தவறவில்லை. முருகேசு சேர் என்று ஒரு பொடியன் கூப்பிட்டான், இவர் திரும்பினார். இன்னொருவன் கூப்பிட்டான், அந்தப் பக்கமும் திரும்பினார். அந்தப் பெயரிலேயே பிறந்து வளர்ந்தவர் போல.

எங்கள் பக்கத்தில் பெண்சாதி புருசனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நானும் இத்தனை வருசமும் இஞ்சாருங்கோ என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். அன்றைக்கு வேலியைப் பிடித்துக்கொண்டு, "லியோன்" என்று கூப்பிட்டேன்.

பொடியள் பார்த்தார்கள். இவரும் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார். பிறகுதான் என்னைக் கண்டார். முகம் வெளிறி, நொண்டி நொண்டி ஓடி வந்தார். பெண்சாதி பெயரைச் சொல்லிவிட்டாளே என்ற வெட்கமாக்கும் என்று நினைத்தேன்.

"கத்தரீனா, உந்தப் பேரை இஞ்சை சொல்லாதை" என்றார் மெல்ல. "பிள்ளையளுக்குக் கேக்கும்."

விறாந்தையில் தலைமை ஆசிரியர் வந்து நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் கேட்கும்படி நான் இன்னொருமுறை கூப்பிட்டேன்.