தாலிக்கயிற்றில் மாப்பிள்ளை வாட்ச்

தாராவியில் அய்யனார் சால் என்கிற வரிசை வீடுகளில், காளிராஜின் வீட்டுக்குள் மட்டும் அரை மணி நேரம் முன்னதாக இருட்டிவிடும். வெளியே வெயில் கிடக்கும், நடையில் காயப்போட்ட வற்றல் காய்ந்துகொண்டிருக்கும். அந்த ஒற்றை அறைக்குள் ராத்திரி வந்து உட்கார்ந்துவிடும். கரண்ட் பில் கொஞ்சம் கூட வரும், அவ்வளவுதான் நஷ்டம். இதற்குக் காரணம் காளிராஜின் கல்யாண வாட்ச் என்பது சாலில் எல்லோருக்கும் தெரியும்.

கல்யாணத்தன்று மோதிரத்தோடு சேர்த்து மச்சினன் போட்ட வாட்ச் அது. தங்க நிறம், அப்பளம் அகலம். அவ்வளவு பெரிய வாட்ச் அசிங்கம் என்று பக்கத்து வீட்டுக் கோகிலவாணி சொல்வாள். அவள் புருஷனுக்கு அவள் பிறந்த வீட்டில் வாட்சே போடவில்லை. காளிராஜுக்கு முறுக்குப் பட்டறையில் வேலை. முழங்கை வரைக்கும் மாவு, எதிரே எண்ணெய்ச் சட்டி. தாதரில் யாரோ வாங்கிய முறுக்குப் பாக்கெட்டில் வாட்ச் பக்கிள் அகப்பட்ட நாளிலிருந்து, பட்டறைக்காரர் அய்யாத்துரை அண்ணாச்சி கையில் வாட்சோடு யாரையும் உள்ளே விடுவதில்லை. சட்டைப் பையில் வைக்கலாமென்றால் அந்தச் சூட்டில் அங்கே சட்டை போடுகிறவர் யாருமில்லை. அரைஞாண் கயிற்றில் கட்டிப் பார்த்தான். அவன் நேரம் பார்க்கும்போதெல்லாம் மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியிருந்தது. வீட்டு ஆணியில் தொங்கவிட்டால், மாமனார் வீட்டு வாட்ச் மாப்பிள்ளைக்குப் பிடிக்கவில்லை என்று அவர் ஊரான வள்ளியூர் வரைக்கும் செய்தி போகும். அதனால் மனைவி மாரிசெல்வியிடம் கொடுத்தான். அவள் மாட்டுங்காவில் இரண்டு வீடுகளில் பாத்திரம் துலக்குகிறவள். அவள் மணிக்கட்டும் நாள் முழுக்கத் தண்ணீரில்தான். ஐந்தாம் மாதம் தாலி பிரித்துக் கோர்க்கும் சடங்கில், சாலின் பெண்கள் மணியும் காசும் குண்டும் எடுத்துக் கொடுக்க, மாரிசெல்வி பட்டையைக் கழற்றிவிட்டு வாட்சையும் ஒன்றாகக் கோர்த்துக்கொண்டாள். தடுத்திருக்க வேண்டியவர்கள் அப்போது கேசரி தின்றுகொண்டிருந்தார்கள். தாலிக்கயிற்றில் ஏறிய எதையும் நினைத்த நேரத்தில் இறக்கக் கூடாது, கட்டினவனுக்கு ஆகாது, ஆடிப்பெருக்கில் கயிறு மாற்றும்போதுதான் இறக்கலாம் என்று கை கழுவிய பிறகுதான் சொன்னார்கள்.

அந்த வாரமே ஆரம்பித்தது. மாரிசெல்வி வேலை முடிந்து வருவாள், கதவைச் சாத்துவாள். தகரத் தடுப்புக்கு இந்தப் பக்கம், கோகிலவாணி வீட்டில், வாட்ச் சத்தம் முதலில் தையல் மிஷின் போலக் கேட்கும், பிறகு ஃபாஸ்ட் லோக்கல் ரயில் போலக் கேட்கும். முள் ஓட ஓட அறையில் வெளிச்சம் வடிந்துவிடும். அவள் எழுந்து லைட் போட்டதும், தெருவிலும் இருட்டு வந்து சேரும்வரை முள் அப்படியே காத்து நிற்கும். கட்டினவன் நினைப்பு வந்தால் நெஞ்சு அப்படித்தான் அடிக்கும், வாட்ச் என்ன செய்யும் என்றார்கள் பெண்கள். காளிராஜ் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தான். கோகிலவாணிக்குப் பொறுக்கவில்லை. புருஷனை ஒரு வாட்ச் வாங்க வைத்து, ஊக்கில் மாட்டித் தன் தாலியோடு தொங்கவிட்டாள். அது நின்றுவிட்டது. அன்றைக்கு அவள் வீட்டில் இட்லி மாவும் பொங்கவில்லை.

பட்டறைக்கு லீவு விட்ட ஒரு நாள் காளிராஜ் வீட்டில் இருந்தான். அன்று முன்னதாக இருட்டவில்லை. சால் முழுவதும் லைட் போட்ட பிறகும் அவன் வீட்டில் மட்டும் வெயில் மிச்சமிருந்தது. அடுத்த லீவிலும் அப்படியே. அவன் இருந்தால் முள் நகர மறுக்கிறது என்பது அவனுக்குப் புரிந்தது. அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. அவன் பிழிந்த முறுக்கெல்லாம் கோணல்.

"யக்கா, சிலிண்டர்க்கார ராஜபாண்டி எப்ப வாரான்?" என்று கோகிலவாணியிடம் கேட்டான்.

"காலையில வாரான். ஒன் வீட்டுக்கு மட்டுமா வாரான், சாலுக்கே வாரான்."

"சாயங்காலம்?"

"என்னைய எதுக்குக் கேக்க? எங்க வீட்டுப் பரண்ல ஏறி நீயே பாத்துக்கோலே. தகரத்துல ஓட்டை இருக்கு. நல்லாத் தெரியும்."

நல்லாத் தெரியும் என்பது அவளுக்கு எப்படித் தெரியும் என்று அவன் கேட்கவில்லை. மறுநாள் வயிற்றுவலி என்று அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டுப் பரணில் ஏறிப் படுத்தான். கையில் உருட்டுக்கட்டை இருந்தது. மாரிசெல்வி வந்தாள். கதவைச் சாத்தினாள். சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்தாள். போனை எடுக்கவில்லை, டிவி போடவில்லை, முணுமுணுக்கக்கூட இல்லை. எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவன் அவள் முகத்தில் ஒருநாளும் பார்த்திராத ஒரு சிரிப்பு வந்தது. வாட்ச் பாய்ந்தது, அறை இருட்டியது. யாரும் வரவில்லை. காளிராஜ் இறங்கி வந்தபோது கோகிலவாணி வாசலிலேயே நின்றாள்.

"யாருலே?"

"யாருமில்ல யக்கா."

ராஜபாண்டி வந்திருந்தால் இரண்டு போடு போட்டுவிட்டு அவன் அன்று நிம்மதியாகத் தூங்கியிருப்பான். இல்லாத ஒருவனை எங்கே போய்ப் பிடிப்பது? அண்ணாச்சியைக் கெஞ்சி விடிகாலை ஷிஃப்டுக்கு மாறிக்கொண்டான்; மாரிசெல்வி வருவதற்கு முன்பே வந்து, அவள் சாய்கிற சுவரில் அவனே சாய்ந்து உட்கார்ந்துகொண்டான். "இன்னைக்கும் வந்துட்டியளா" என்பாள். அரிசி களைவாள், பாயை உதறுவாள், உதறின பாயைத் திரும்ப உதறுவாள். வெயில் சுவரில் ஒட்டிக்கொண்டு அசையாது. தெருவில் எல்லோரும் சாப்பிட்டுப் படுத்த பிறகும் அவர்கள் இருவருக்கும் சாயங்காலமாகவே இருந்தது. ஆடி பிறந்தபோது அவன் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது. கடைசியில் அவன்தான் சொன்னான்: "அந்த வாட்சக் கழத்திரு."

ஆடிப்பெருக்கன்று மாரிசெல்வி புதுக்கயிற்றை அணிந்துகொண்டு, பழையதை உருவி, வாட்சை அவனிடம் நீட்டினாள். கோகிலவாணி குங்குமம் கேட்கிற சாக்கில் அங்கேதான் நின்றாள்.

"இந்தாங்க ஒங்க வாட்ச்சு."

"அந்த நேரத்துல என்னத்தடி நெனைக்க?"

"ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

"என்னைய?"

"ஒங்களையும் நெனைக்க மாட்டேன். வேற ஆளுவளையும்தான். அந்நேரம் யாருக்கும் நான் எதுவும் செய்யாண்டாம். அதான்."

அவன் வாட்சைக் காதில் வைத்துப் பார்த்தான். சாதாரணமாக ஓடிக்கொண்டிருந்தது. அதை வைத்துக்கொண்டால் அவளுடைய சாயங்காலம் முழுக்க அவனுக்குத்தான். அப்படி ஒரு சாயங்காலம் எவ்வளவு நீளம் என்பதும் இப்போது அவனுக்குத் தெரிந்திருந்தது. கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தான். பிறகு அவள் மடியில் போட்டான்.

"கோத்துக்கோ. இல்லன்னா ஊரு என்னமும் பேசும்."

ஊரை இழுத்ததில் கோகிலவாணிக்குக் கோபம்தான். அவள் கோபித்து என்ன, வாட்ச் புதுக்கயிற்றில் ஏறிவிட்டது.

அண்ணாச்சி பழைய ஷிஃப்டைத் திருப்பித் தரவில்லை. அதனால் காளிராஜ் தினமும் நேரத்தோடு வந்துவிட்டு, தன் வீட்டுக்குள் இருட்டும்வரை குழாயடியில் நிற்கிறான். தண்ணீருக்கு வருகிறவர்கள் அவனைச் சற்றுத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுக் குடத்தை வைக்கிறார்கள். தகரத் தடுப்பில் காது வைத்திருந்துவிட்டுக் கோகிலவாணி வெளியே வருவாள்.

"இருட்டிட்டு. போலே."

"உள்ள யாரு இருந்தா?"

"யாருமில்ல."

அதைக் கேட்டதும் அவன் முகம் கறுத்துவிடும். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, வேண்டாத விருந்தாளி மாதிரி ஒருமுறை இருமிவிட்டு, உள்ளே போவான்.