முந்நூற்றுப் பன்னிரண்டாவது கதவு

1

இந்தக் கதை ஒரு பொய்யில் தொடங்குகிறது. கதை என்றாலே பொய்தானே என்று கண்ணடிக்க வேண்டாம். நான் சொல்வது நிஜமான பொய். பதினோரு வயதில், வீட்டுக் கூடத்தில், தங்கையின் முகத்துக்கு நேராகச் சொன்னது. அதற்குப் பிறகு நான் சம்பளம் வாங்கிக்கொண்டு சொன்ன பொய்கள் எதுவும் அதன் கால்தூசிக்குக் காணாது.

என் வேலை வீடியோ கேம்களுக்குக் கதை எழுதுவது. (கேமுக்கு எதற்குக் கதை என்று என் மாமனார் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவரைப் பற்றித் தனியாக ஒன்று எழுத வேண்டும்.) ‘சாவிக்காரி’யை நீங்கள் ஆடியிருக்கலாம். ஆடாவிட்டால், உங்கள் வீட்டில் வேறு யாராவது ஆடி, சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்து வராமல் திட்டு வாங்கியிருப்பார்கள். இடுப்பில் சாவிக்கொத்தும் கையில் எண்ணெய் விளக்குமாக ஒரு நடுத்தர வயதுப் பெண். ஒரு பெரிய மாளிகை. ஒவ்வொரு கதவாகத் திறந்துகொண்டே போக வேண்டும், அவ்வளவுதான். ஆறு பாகங்கள் வந்துவிட்டன. ஏழாவது பாகத்துக்கான யோசனையை வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நான் கொடுக்க வேண்டும்.

அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். வந்தது இது.

2

முதலில் எழுதிய தொடக்கம்:

‘இருபத்தைந்து ஆண்டுகளாக யாரும் திறக்காத பச்சைக் கதவின் முன்னால் சாவிக்காரி நின்றாள். அவள் நெஞ்சு—’

நெஞ்சு என்ன செய்தது என்று தெரியவில்லை. ஆறு பாகங்களில் அவளுக்கு நெஞ்சு படபடத்ததே கிடையாது. கதவு திறக்காவிட்டால் “சரிதான் போ” என்று சொல்லிவிட்டு அடுத்த கதவுக்குப் போகிறவள்.

இரண்டாவது தொடக்கம்:

‘மனிதகுலத்துக்கும் கதவுக்குமான உறவு தொன்மையானது. குகையில் வாழ்ந்த—’

சீச்சீ.

(இரண்டையும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். நான் முயற்சி செய்யவில்லை என்று நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது.)

3

முதல் பாகத்தின் மாளிகையில் முந்நூற்றுப் பன்னிரண்டு கதவுகள். முந்நூற்றுப் பதினொன்று திறக்கும். வடக்குச் சுவரில் இருக்கும் பச்சைக் கதவு மட்டும் திறக்காது. அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதைப் பற்றி ஆடியவர்கள் எழுதித் தள்ளியதை அடுக்கினால் மாளிகையை விட உயரமாக வரும்.

உண்மையைச் சொல்கிறேன், உங்களோடு இருக்கட்டும். பின்னால் ஒன்றும் இல்லை. அது கதவே இல்லை. சுவர் வெறிச்சென்று இருக்கிறதே என்று ஓவியர் ஒரு கதவை வரைந்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

இதை எனக்குச் சொன்னவர் எங்கள் அலுவலகத்தின் சோதனையாளர். காலையிலிருந்து மாலை வரை கேமுக்குள் சுவர் சுவராகப் போய் முட்டி, எங்காவது ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. ‘சுவர்முட்டி’ என்று பெயர் வைத்தோம். இப்போது அவரே போனை எடுத்து “சுவர்முட்டி பேசறேன்” என்றுதான் சொல்கிறார். கேமில் கண்டுபிடிக்கும் பிழைகளுக்கெல்லாம் எண் போட்டு ஒரு பட்டியல் வைத்திருப்போம். அதில் முதல் பிழை அவர் எழுதியது: ‘பச்சைக் கதவு திறக்கவில்லை.’ எதிரே யாரோ எழுதிய பதில்: ‘பிறகு பார்க்கலாம்.’ பட்டியல் நாற்பதாயிரத்தைத் தாண்டிவிட்டது. முதல் பிழை அப்படியே இருக்கிறது.

போன திங்கட்கிழமை ஏழாவது பாகத்துக்கான கூட்டம் நடந்தது. யோசனைகளை மஞ்சள் சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்டுவது எங்கள் வழக்கம். எங்கள் மேலாளர் அம்மா யார் என்ன சொன்னாலும் “அடுத்து?” என்பார். அதனால் அவர் பெயரே ‘அடுத்து அம்மா’ என்று ஆகிவிட்டது.

“சாவிக்காரி சாவியைத் தொலைச்சுடறா.”

“அடுத்து?”

“மாளிகை கடலுக்கு அடியில இருக்கு.”

“அடுத்து?”

“ஒரு நாய் குடுக்கலாம் மேடம்,” என்றார் விற்பனைப் பிரிவுக்காரர். ஆறு பாகங்களாக அவர் நாய் கேட்கிறார்.

“அடுத்து?”

அடுத்து அம்மா எழுந்துபோய்த் தானே ஒரு சீட்டை ஒட்டினார். ‘பச்சைக் கதவு திறக்கிறது. பதினேழு சுற்று.’ எல்லோரும் கைதட்டினார்கள். சுவர்முட்டிக்குக் கண் கலங்கிவிட்டது. நானும் தட்டினேன், ஒரு தட்டு பிந்தி.

“உள்ள என்ன இருக்குன்னு நீங்க எழுதுங்க,” என்று மேலாளர் என்னைப் பார்த்துச் சொன்னார். “வெள்ளிக்கிழமை.”

4

பதினேழு சுற்று என்பது ஆடுகிறவர்களிடையே வழிவழியாக வரும் ஒரு நம்பிக்கை. பச்சைக் கதவின் முன்னால் நின்று இடப்பக்கமாகப் பதினேழு முறை சுற்ற வேண்டும். வலப்பக்கம் ஒரு முறை. மூன்று குதி. பிறகு சாவிக்காரியைத் தரையில் உட்கார வைத்து, விளக்கில் எண்ணெய் தீரும்வரை எதையும் தொடக்கூடாது. கதவு திறக்கும். யாருக்கும் திறந்ததில்லை, ஆனால் யாருக்கோ திறந்தது எல்லோருக்கும் தெரியும். முதலில் சொன்னது யார் என்று கண்டுபிடிக்கப் பலர் முயன்று கைவிட்டுவிட்டார்கள்.

நான்தான்.

எங்கள் வீட்டில் ஒரு டிவி, ஒரு ஜாய்ஸ்டிக், இரண்டு பிள்ளைகள். அம்மா சட்டம் போட்டிருந்தாள்: அலாரம் கடிகாரம் வைத்து ஆளுக்கு அரை மணி நேரம். ஒருவர் ஆடும்போது இன்னொருவர் பின்னால் நின்று “இடது, இடது” என்று சொல்லக்கூடாது. ஒரு நாள் தங்கை குளிக்கப் போயிருந்த நேரத்தில், அவளுடைய அரை மணியில் கை வைத்தேன். தலையில் துண்டோடு வந்து கையும் களவுமாகப் பிடித்தாள்.

“அம்மா! அண்ணன் என்னோட டைம்ல—”

“கத்தாத. பச்சைக் கதவு தொறந்துடுச்சு.”

அவள் வாய் அப்படியே நின்றது. ஒன்பது வயது.

“எங்க?”

“இப்பதான் மூடிக்கிச்சு. உள்ள ஒரு அம்மா தையல் மிஷின்ல தைச்சுக்கிட்டு இருந்தாங்க. நிமிந்தே பாக்கல. வந்தவ கதவைச் சாத்திட்டு வான்னு சாவிக்காரியவே அதட்டுனாங்க.”

“எப்படித் தொறந்த?”

அங்கேதான் பதினேழு பிறந்தது. இருபது என்று சொன்னால் பொய் மாதிரி இருக்கும் என்று அந்த வயதிலேயே எனக்குத் தெரிந்திருந்தது. நான் எழுத்தாளன் ஆனது அந்த நிமிடத்தில்தான்.

எண்ணெய் தீர இருபத்தைந்து நிமிடம் ஆகும். விடுமுறை முழுக்கத் தன் அரை மணியை, உட்கார்ந்திருக்கும் சாவிக்காரியைப் பார்த்தபடி அவள் செலவழித்தாள். நாற்பத்தொரு நாள். நான் சட்டத்தை மீறிப் பின்னால் நின்று, “பதினாறுதான் சுத்துன” என்று சொல்வேன். நாற்பத்திரண்டாம் நாள் பச்சைக் கதவுப் பக்கமே போகாமல் மற்ற கதவுகளைத் திறக்க ஆரம்பித்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்குப் பயம்.

5

என் தங்கை இப்போது பல் மருத்துவர். நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு பயந்து கிடக்கும் பிள்ளைகளிடம் பன்னிரண்டு வருடமாகப் பதினேழு சுற்றைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். “எங்க அண்ணன் தொறந்திருக்கான் தெரியுமா?” வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு யாரால் மறுத்துப் பேச முடியும்? அந்தப் பிள்ளைகள் ஊர் ஊராகக் கொண்டுபோய்விட்டார்கள்.

என் நிலைமை புரிகிறதா? தையல்கார அம்மாவை எழுதினால், என் பொய் உண்மையாகிவிடும். லட்சக்கணக்கான பேர் அதன் முன்னால் வாய் பிளந்து நிற்பார்கள். வேறு எதை எழுதினாலும், வெளியாகும் அன்று காலையிலேயே தங்கைக்குத் தெரிந்துவிடும், அண்ணன் கதவைத் திறக்கவே இல்லை என்று. அவள் நாற்பத்தொரு நாளைத் திருடியவன் நான் என்று.

(இந்த இடத்தில் ஒரு நாயை நுழைக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன்.)

6

கடைவாய்ப் பல் வலித்தது. வலி உண்மை. ஆனால் அதைச் சாக்காக வைத்து உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் புதன்கிழமை அவள் கிளினிக்குக்குப் போனேன். வழியில் வசனம்கூட எழுதி வைத்துக்கொண்டேன்: ‘உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். சின்ன வயசுல—’

“வாயைத் தொற,” என்றாள்.

திறந்தேன். ஊசி போட்டாள். கண்ணாடியை உள்ளே விட்டாள்.

“ஏழாவது பாகத்துல பச்சைக் கதவு தொறக்குதாமே? இங்க வர்ற பொடிசு ஒண்ணு சொல்லுச்சு.”

“ஆஅ.”

“தையல்காரம்மா வருவாங்களா?”

“ஆஅ... நா... ஒய்...”

“பேசாத, குத்திடும்.” பஞ்சைத் திணித்தாள். “உன்கிட்ட ஒண்ணு சொன்னதே இல்லண்ணா. நானும் தொறந்தேன்.”

வெளிச்சம் கண்ணில் அடித்துக்கொண்டிருந்தது. அவள் முகமூடிக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. அந்தக் கண்களை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

“நாப்பத்தோராவது நாள். எண்ணெய் தீந்துச்சு, தொறந்துச்சு. ஆனா தையல்காரம்மா இல்ல. அங்க இருந்தது வேற.”

“அ... அண்ண?”

“துப்பு.”

துப்பினேன். வாயைக் கொப்பளித்தேன். இப்போது என்னால் பேச முடியும்.

“என்ன இருந்துச்சு?”

“சொல்றேன். நீ முதல்ல சொல்லு. நீ நெஜமாவே தொறந்தியா?”

இதைவிட வசதியாக ஒரு கதையில் இடம் கிடைக்காது. நான் எழுதியிருந்தால் இந்த இடத்தில் அண்ணனின் குரல் தழுதழுத்திருக்கும்.

“நாக்கு மரத்துப்போச்சு,” என்றேன்.

“தெரியும். ஊசி போட்டவ நான்தானே,” என்று கையுறையைக் கழற்றிக் கூடையில் போட்டாள். “மரப்பு போனதும் சொல்லு. நானும் சொல்றேன். ரெண்டு மணி நேரம் சூடா எதுவும் குடிக்காத.”

7

நேராகச் சுவர்முட்டியிடம் போனேன். ஒருவேளை, எப்படியாவது, ஏதோ ஒரு பிழையில், அந்தக் கதவு யாருக்காவது திறந்திருக்குமா?

“சார், அது சுவத்துல இருக்கிற படம். இருபத்தஞ்சு வருஷமா முட்டறேன். ஒரு தடவையாவது தொறந்திருந்தா நான் ஏன் சார் இன்னும் இங்க இருக்கேன்?”

ஆக, அவளும் பொய் சொல்கிறாள். ஒன்பது வயதில் நாற்பத்தொரு நாள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, அண்ணன் புளுகன் என்று தெரிந்துகொண்டு, அதை அம்மாவிடம் சொல்லி எனக்கு நாலு அடி வாங்கிக் கொடுக்காமல், உலகத்துக்கெல்லாம் “எங்க அண்ணன் தொறந்தான்” என்று சொல்லிக்கொண்டு வந்திருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகப் பொறாமையாக இருந்தது. நான் என் பொய்யை அரை மணிக்குள் செலவழித்துவிட்டேன். அவள் தன்னுடையதை இருபத்தைந்து வருடம் யாருக்கும் காட்டாமல் வைத்திருக்கிறாள். கதவுக்குப் பின்னால் அவள் வைத்திருப்பது என்னுடையதைவிட நன்றாக இருக்கும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ: அண்ணன் உண்மையைச் சொல்கிறான். தங்கை அழுகிறாள். (அவள் அழமாட்டாள். இன்னொரு பல்லைப் பிடுங்குவாள்.)

முடிவு ஆ: கதவு திறக்கிறது. உள்ளே தையல்கார அம்மா. தங்கை கேமை ஆடிப் பார்த்துவிட்டுப் போனில் “நல்லா இருக்குண்ணா” என்கிறாள். அவ்வளவுதான் சொல்கிறாள். அதற்குப் பிறகு அவள் எந்தப் பிள்ளையிடமும் அந்தக் கதையைச் சொல்வதில்லை. (இதை எழுதிவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன்.)

முடிவு இ: உள்ளே நாய். விற்பனைப் பிரிவுக்காரர் எனக்கு மாலை போடுகிறார்.

முடிவு ஈ: கதவு திறந்ததும் சாவிக்காரி உள்ளே எட்டிப் பார்த்து—

8

மரப்பு போய் இரண்டு நாள் ஆகிறது. நான்கு தடவை போனை எடுத்து, நான்கு தடவையும் பல் வலி குறைந்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். என் வாய்க்குக் கெட்டிக்காரத்தனம் இவ்வளவுதான்.

அதனால், வாசகரே, ஒன்றை மறைத்துவிட்டேன், மன்னியுங்கள். இந்தப் பக்கங்களை முதலில் படிக்கப்போவது நீங்கள் இல்லை. இன்று காலை, முதல் ஏழு பகுதிகளை அவளுக்கு அனுப்பிவிட்டேன். இந்நேரம் ஒரு நோயாளிக்கும் அடுத்த நோயாளிக்கும் நடுவில், கையுறையைக் கழற்றிவிட்டு, நான்காம் பகுதியைப் படித்திருப்பாள். ஆமாம், நான் திறக்கவில்லை. உன் நேரத்தில் நான் ஆடினேன், மாட்டிக்கொண்டேன், புளுகினேன். நீ நாற்பத்தொரு நாள் உட்கார்ந்திருந்தாய், நான் பின்னால் நின்று எண்ணிக்கை சொன்னேன். தப்பு என் மேல்தான்.

மேலாளர் ‘அடுத்து அம்மா’விடமும் சொல்லிவிட்டேன். பதினேழு என் சரக்கு. அறைக்குள் இருப்பது என்னுடையது இல்லை, அதை என் தங்கைதான் எழுத வேண்டும், கேமில் அவள் பெயரையும் போட வேண்டும் என்றேன். அவர் வாழ்க்கையில் முதல் தடவையாக “அடுத்து?” என்று கேட்கவில்லை. “அவங்க சொல்லலைன்னா?” என்றார்.

சொல்லாமலும் இருக்கலாம். என் பொய் உடைந்த பிறகு அவள் தன்னுடையதை எதற்குத் திறந்து காட்ட வேண்டும்? சொல்லாவிட்டால் முதல் பிழை பட்டியலில் அப்படியே இருக்கும், சுவர்முட்டி முட்டிக்கொண்டிருப்பார், நான் இந்தக் கதையை முடிக்காதவனாகவே இருப்பேன். பரவாயில்லை. அவளுக்கு நான் தர வேண்டியது ஒரு அரை மணி. அதை அவள் எப்படி வேண்டுமானாலும் செலவழிக்கட்டும், சும்மா உட்கார்ந்து விளக்கைப் பார்த்துக்கொண்டுகூட.

கீழே ஒன்பதாம் பகுதிக்கு இடம் விட்டிருக்கிறேன். அலாரத்தை வைத்துவிட்டேன். நான் எழுந்து தள்ளி உட்கார்ந்துகொள்கிறேன். நீங்களும் கொஞ்சம் தள்ளிக்கொள்ளுங்கள். அவள் ஆடும்போது பின்னால் நின்று “இடது, இடது” என்று யாரும் சொல்லக்கூடாது. அது எங்கள் வீட்டுச் சட்டம்.

9

(தங்கையின் முறை)