கீழ்க்கிளை இலைகள்

இலை அளக்கும் அறையில் மூன்று பேர் இருந்தார்கள்: ஆய்வு மாணவி, அவளுக்காக மரமேறி இலை பறித்துவந்த அண்ணன், சிரித்துப் பழக்கமில்லாத பேராசிரியர்.

ஒரே வகை மரம் மழைக்காட்டில் அகன்ற இலை விடும், வறண்ட மேட்டில் சிறிய இலைதான் விடும். இதை நிறுவத்தான் அவள் மூன்று வருடமாக அல்லாடினாள். அளந்து பார்த்தால் மேட்டு இலைகள்தான் பெரிதாக இருந்தன. அத்தனையும் மண்ணாய்ப் போனதென்று அளவுகோலை மேசையில் போட்டுவிட்டு அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"அண்ணா, மேட்டு மரத்துல உச்சிக் கிளையிலதானே பறிச்சே?"

அண்ணன் கழுத்தைச் சொறிந்தான். "உச்சி பூரா முசுறு எறும்பு. கடிச்சுப் பிடுங்கிடுச்சு. அதான் கீழ்க்கிளையிலயே பறிச்சுட்டேன். எல்லாம் இலைதானே?"

"கீழ நிழல்டா எருமை! நிழல்ல இலை அகலமாத்தான் வளரும். நான் கேட்டது வெயில் படுற இலை!"

பேராசிரியர் சிரித்தே விட்டார். "மரத்து மேல தப்பில்லம்மா. ஏறினவர் மேலதான்."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பையையும் கொக்கிக் கம்பையும் அண்ணன் கையில் திணித்தாள்.

"உச்சி இலை இல்லாம இந்தப் பக்கம் தலை காட்டாதே."

அவனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திப் பூட்டினாள்.