தியாகம் என்று போடாதே

பெருமதிப்பிற்குரிய வாசகர்களுக்கு வணக்கம். இது என் முதல் நூல். இதன் தொடக்கத்தில் என்னைப் பற்றிச் சிறிது எழுதித் தருமாறு பதிப்பாளர் கேட்டுக்கொண்டார். எழுதியவர் யாரென்று தெரிந்தால்தான் வாசிப்பவர் நெருங்கி வருவார் என்பது அவருடைய கருத்து. மறுத்துப் பேசத் துணிவில்லாமல் ஒப்புக்கொண்டேன்.

நான் ஒரு நாளிதழின் இரங்கல் பகுதியில் பணியாற்றுகிறேன். இறந்தவரின் வீட்டார் எங்கள் மேசைக்கு வந்து, மூக்கைச் சிந்திக்கொண்டே வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்வார்கள். குடித்தது, அடித்தது, பத்து வருடம் பேசாமல் இருந்தது, எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, 'அன்பும் பண்பும் நிறைந்தவர்' என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. பட்டம் பெற்றவள் என்பதால் மாதிரி வாசகங்களை எழுதிவைக்கும் பொறுப்பும் என்னுடையதே.

ஆகவே என் வாழ்க்கையையும் கை பழகிய விதத்திலேயே எழுதிவிட்டேன். பிறப்பு, பெற்றோரின் மறைவு, கல்வி, பணி. இறுதியில் ஒரு வரி: 'தம்பியின் தியாகத்தால் உயர்ந்தவர்.'

தம்பி என்னுடன்தான் இருந்தான். நான் கல்லூரிக்குப் போவதற்காகப் பள்ளியை விட்டுவிட்டுக் கல் மெருகேற்றும் பட்டறைக்குப் போனவன். கல்தூள் அவன் நுரையீரலில் படிந்துவிட்டது. படுத்தால் மூச்சு முட்டுமென்று ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தபடியே உறங்குவான். பக்கத்தில் ஆக்சிஜன் சிலிண்டர். மருத்துவர் கைவிரித்துவிட்டார். அது அவனுக்கும் தெரியும்.

எழுதியதை அவனுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டு முடித்ததும் மாஸ்க்கைக் கழற்றினான்.

"என்னை எப்பக்கா எடுக்கிறாங்க?"

சடலம் எடுக்கும் நேரத்தை நான் மேசையில் விசாரிக்கும் அதே குரல். தவறாக எழுதியிருந்தால் மன்னிக்க வேண்டுமென்றேன்.

"தியாகம்னு போடாத. அது செத்தவனுக்குப் போடுறது. நான் ஒண்ணும் உனக்காகப் போகல. கணக்கு வாத்தியாருக்குப் பயந்து ஓடினேன். நீ பாட்டுக்குப் படிச்ச."

அது பொய். கணக்கில் வகுப்பிலேயே அவன்தான் முதல்.

மூச்சு திரும்பிய பிறகு, தான் கேரமில் அழுகுணி ஆட்டம் ஆடுவதை எழுதச் சொன்னான். என் காயை விரலால் நகர்த்திவிட்டு, ஒன்றும் அறியாதவன்போல ஜன்னல் பக்கம் பார்ப்பான். என் சமையலை வைதுகொண்டே தட்டை வழித்துத் தின்பதையும் சேர்க்கச் சொன்னான். இவையெல்லாம் அச்சேறத் தகுந்த செய்திகள்தானா என்று நான் தயங்கினேன்.

அந்தத் தயக்கத்தைப் பார்த்துத்தான் அவன் இதைக் கேட்டிருக்க வேண்டும்.

"நான் போனதும் பேப்பர்ல வர்றத நீ எழுதிடாதக்கா. நீ எழுதினா எல்லாரும் ஒரே மாதிரிதான் செத்திருப்பாங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எழுதமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

மழை விடாத ஒரு பிற்பகலில், நான் அலுவலகத்தில் இருந்தபோது, நாற்காலியில் இருந்தபடியே போய்விட்டான். பக்கத்து வீட்டம்மாதான் போன் செய்து சொன்னார்.

வாக்கைக் காப்பாற்றினேன். எதிர் மேசை உதவி ஆசிரியர், தாமே பார்த்துக்கொள்வதாகப் பெரிய மனதோடு ஏற்றுக்கொண்டார். மறுநாள் தாளில் தம்பியின் படத்துக்குக் கீழே, 'அன்பும் பண்பும் நிறைந்தவர். குடும்பத்திற்காகத் தம் வாழ்வையே தியாகம் செய்தவர்' என்று இருந்தது. ஒவ்வொரு சொல்லும் நான் எழுதிவைத்த மாதிரியிலிருந்து எடுத்தது. அவரைக் குறைகூற எனக்கு வாயில்லை. நன்றி தெரிவித்தேன்.

பதிப்பாளர் துக்கம் விசாரிக்க வந்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. தம்பி போனதையும் சேர்த்தா படிக்கிறவங்க மனசுல நிக்கும். அந்தத் தியாகத்த மட்டும் கொஞ்சம் விரிவா எழுதிடுங்க."

சரிங்க என்று தலையாட்டினேன். தலையாட்டியே பழகியவள் நான்.

ஆயினும் வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். அதை எழுத என்னால் இயலவில்லை. என் தம்பி கணக்கு வாத்தியாருக்குப் பயந்து பள்ளியை விட்டவன். என் சமையலை வைதான். கேரமில் ஏமாற்றினான். கடைசி ஆட்டம் முடியாமலே பலகை ஜன்னலோரம் கிடக்கிறது. அவன் நகர்த்திவைத்த என் காயை நான் இன்னும் பழைய இடத்துக்குத் தள்ளவில்லை.