கிளெமின் தலையில் முளைத்த முடி

கிளெமுக்கு மண்டை சுத்த வழுக்கை. ஜன்னல் வெளிச்சத்தில் அதைப் பளபளவென்று கறுப்பு வெள்ளையில் எடுத்துவிட்டால், ஆஸ்திரேலியப் பாலைவன ஊரான புரோக்கன் ஹில்லின் கேமரா கிளப்பில் முதல் பரிசு தனக்குத்தான் என்று நோரீன் கணக்குப் போட்டிருந்தாள். ஆறு வருடமாக அந்தப் பரிசைத் தட்டிக்கொண்டு போகிறவர் வெர்ன். நோரீன் கிளெமைக் கட்டிக்கொண்டு, ஆப்பிள் விளையும் குளிர்த் தீவான டாஸ்மேனியாவிலிருந்து வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. "உங்க ஊர்ல ஆப்பிளைத் தவிர வேற என்னத்தைப் படம் எடுப்பீங்க?" என்று எல்லார் எதிரிலும் கேட்டவர் வெர்ன். அந்த ஆளை ஜெயிக்காமல் விடுவதாக இல்லை அவள்.

ஆனால் பிலிமைக் கழுவிப் பிரதி போட்டால் படம் முழுக்க மணலை வாரி இறைத்தது போல் இருந்தது. வழுக்கையில் கருகருவென்று புள்ளிகள். பிலிமை மாற்றினாள், மருந்தில் ஊறும் நேரத்தைக் குறைத்தாள், பிலிம் டப்பாவைக் குலுக்காமல் தாலாட்டினாள். மருந்துகளை ஃப்ரிட்ஜில் வைத்துச் சரியாக இருபது டிகிரிக்குக் கொண்டுவந்தாள். மூன்றாவது சுருள் முந்தைய இரண்டையும்விட மோசம்.

"நல்லாத்தானே இருக்கு. இன்னொண்ணு எடுத்துப் பாரேன்" என்றார் கிளெம்.

சனிக்கிழமை போட்டி. வியாழக்கிழமை வெட்கத்தை விட்டு வெர்னையே கூப்பிட்டாள். அவர் கைகட்டி நின்று பார்த்தார். முதல் மருந்தைக் கொட்டிவிட்டு, பிலிமை அலச நோரீனின் ரப்பர் உறை போட்ட கை நீலப் புள்ளி வைத்த குழாய்க்குப் போனது.

"எதைத் திறக்கிற?"

"பச்சத்தண்ணிக் குழாயை."

வெர்ன் விரலை நீட்டிப் பார்த்து அலறினார். "அடிப்பாவி, இதுல டீ போடலாமே! ஜனவரிக் கோடை வெயில்ல குழாயெல்லாம் மண்ணுக்கு மேல கெடந்து வேகுது. நாங்க டிசம்பர்லயே ஹீட்டரை அணைச்சிடுவோம். ஹீட்டர் தொட்டி நிழல்ல இருக்கு, சிவப்புக் குழாய்லதான் பச்சத்தண்ணி வரும். ஜில்லுனு இருக்கிற பிலிம்ல கொதிதண்ணியை ஊத்தினா மேல்பூச்சு சுருங்கிப் புள்ளி புள்ளியாத்தான் போகும். கிளெம் சொல்லலையா?"

குளிக்கும்போது இரண்டையும் கலந்தே பழகியவள் அவள்; எந்தக் குழாய் சுடுகிறது என்று கவனித்ததே இல்லை. கிளெம் சொல்லவில்லைதான். வெர்ன் போனதும் நேராக அவரிடம் போய் நின்றாள்.

"உனக்குத் தெரியும்தானே?"

"ரெண்டாவது சுருள்லயே தெரியும்."

"அப்புறம் ஏன்யா வாயைத் திறக்கல?"

கிளெம் தலையைத் தடவிக்கொண்டார். "ஒவ்வொரு சுருளுக்கும் முடி அடர்த்தியாயிட்டே வந்துச்சே, நோரீன்."

அவளுக்குக் கோபம் வர வேண்டும். சிரிப்புதான் வந்தது.

சனிக்கிழமை முட்டை போல் மின்னிய வழுக்கை முதல் பரிசை வாங்கியது. வெர்ன் வாயை மூடிக்கொண்டு கைதட்டினார். கிளெமும் தட்டினார், முகத்தில் மட்டும் களையே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் நோரீன் அவரை ஜன்னலோரம் உட்கார வைத்து ஒரு சுருள் எடுத்தாள். பிறகு இருட்டறைக்குப் போய் நீலக் குழாயைத் திறந்துவிட்டாள்.