மூச்சை எண்ணப் போனவன்

மூச்சைப் பாருங்கள், மூச்சை மட்டும் பாருங்கள் என்று புத்த பிக்குவான அந்த ஹாமதுரு சொன்னபோது, அவருடைய மொட்டைத் தலையில் ஒரு குட்டு வைக்கலாம் போலிருந்தது எனக்கு. இருபத்தைந்து வயதுகூட இராது. என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். மூச்சைப் பார்ப்பது எப்படியென்று எனக்கா சொல்லித்தர வேண்டும்? என் மகள் அருந்ததியின் மூச்சை ஒரு வெள்ளிக்கிழமை பார்த்துக்கொண்டே இருந்தவன் நான்.

அவளுக்கு நாலு வயது. வெள்ளவத்தையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில், மூன்று நாள் காய்ச்சலுக்குப் பிறகு, காலை பத்தரை மணியளவில் அவளுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. மனைவி அன்னபாக்கியம் ஓடிப்போய் றிக்‌ஷா ஒன்றைக் கூட்டிவந்து வாசலில் நிறுத்திவிட்டாள். நான்தான் மறித்தேன். வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை இராகுகாலம். வருத்தக்காரப் பிள்ளையை அந்த நேரத்தில் வாசற்படி தாண்டிக் கொண்டுபோனால் உயிரோடு திரும்பாது என்பது நான் பிறந்த நாளிலிருந்து கேட்டு வளர்ந்த பேச்சு. பன்னிரண்டு அடித்த பிறகு புறப்பட்டோம். ஆசுப்பத்திரியில் டாக்டர் அது தொண்டைக்கரப்பன் என்றார். தொண்டையில் சவ்வு வளர்ந்து மூச்சை அடைத்துவிட்டது, ஒரு மணித்தியாலம் முந்தி வந்திருந்தால் கழுத்தில் துளை போட்டுக் காப்பாற்றியிருக்கலாம் என்றார். இங்கிலீசில் சொன்னார். நான் அதை அன்னத்துக்குத் தமிழில் சொல்லவில்லை. பிள்ளையைக் கொன்றவன் நான்தான் என்பது சொல்லாமலே இருவருக்கும் தெரிந்திருந்தது.

அதன் பிறகு என் மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. கொழும்புக் கோட்டையில் நான் கிளாக்கராக இருந்த கந்தோரில் ஒரே கடிதத்தை மூன்று தரம் பிழையாக எழுதினேன். ரயிலில் இறங்கவேண்டிய ஸ்டேஷனைத் தாண்டிப் போனேன். எங்கே இருந்தாலும் அந்த இழுப்புச் சத்தம் காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. பக்கத்து மேசைக் குணதிலக இரக்கப்பட்டு, கிருலப்பனைப் பக்கம் தனக்குத் தெரிந்த ஒரு சின்ன விகாரைக்கு என்னைக் கூட்டிப்போனார். எனக்குப் புத்தரும் வேண்டாம், நிர்வாணமும் வேண்டாம். அந்தச் சத்தம் நின்றால் போதும். நிற்காவிட்டால் எனக்குப் பைத்தியந்தான்.

விடிய ஐந்தரைக்குப் போய்ப் பாயில் சம்மணம் கட்டி இருப்பேன். காற்று மூக்கு நுனியைத் தொடுகிற இடத்தில் மனதை வைத்து, ஒன்றிலிருந்து பத்து வரை மூச்சை எண்ணவேண்டும். மனம் ஓடினால் திட்டாமல் கூட்டிவந்து மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கவேண்டும். கேட்க என்ன சுகமாக இருக்கிறது! மூன்றைத் தாண்டுவதற்குள் என் மூச்சு அவளுடைய மூச்சாக மாறிவிடும். எழுந்து வெளியே ஓடிவிடுவேன். ஒருநாள் ஆத்திரத்தில், பிள்ளை பெறாதவனுக்கு மூச்சு வெறும் காற்றுத்தான் என்று, எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. நாளைக்கும் வாருங்கள் என்றார். அந்தப் பொறுமை எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. ஆனாலும் போனேன், வேறு போக்கிடம் இல்லை.

வீட்டுச் சொந்தக்காரர் நாகமணி, இரத்தினசிங்கத்தார் மொட்டையடித்துக் காவி கட்டப் போகிறார், வீட்டுக்கு வேறு ஆள் பார்க்கவேண்டியதுதான் என்று வேலிக்கு மேலால் என்னைப் பார்த்துச் சிரித்துப் பகிடி விட்டார். அன்னம் ஒன்றுமே கேட்கவில்லை. சோறு போடவா, படுக்க முதல் விளக்கை நூர்க்கவா என்பதற்கு மேல் அவள் என்னோடு கதைப்பதில்லை. கதைக்கும்போதும் சுவரைப் பார்த்துத்தான் கதைப்பாள்.

மூன்றாம் மாதம், போயா என்கிற ஒரு பௌர்ணமி நாள் காலையில், அது நடந்தது. பத்து வரை எண்ணினேன். மறுபடியும் பத்து வரை எண்ணினேன். பிறகு எண்ணிக்கையே தேவைப்படவில்லை. சத்தம் இல்லை. மூச்சு மட்டும் மெல்லிதாக வந்து போனது, யாருடையதோ என்பதுபோல. கண் திறந்தபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. நான் தேம்பித் தேம்பி அழுதேன். அப்பாடா, பிழைத்துவிட்டேன் என்று நினைத்தேன். இதைப் பிடித்துவைக்கப் பார்க்காதீர்கள் என்று ஹாமதுரு சொன்னது காதில் ஏறவேயில்லை.

நடந்தே வீட்டுக்கு வந்தேன். அன்னம் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். இது அவளுக்கும் கிடைக்கவேண்டும் என்று என் மனம் கிடந்து அடித்தது. சத்தியமாக நல்ல எண்ணத்தோடுதான் வாயைத் திறந்தேன். பக்கத்தில் குந்தியிருந்து, சத்தம் நின்றதையும் நான் அழுததையும் ஒன்று விடாமல் சொன்னேன்.

“அன்னம், நீரும் வாரும். மனம் அசையாமல் நிக்குது. ஒண்டும் நோகேல்லை,” என்றேன்.

அவள் துருவுவதை நிறுத்தினாள். பிள்ளை போன பிறகு முதல் தடவையாக என் முகத்தை நேரே பார்த்தாள்.

“அண்டைக்கும் நீங்கள் இப்பிடித்தான் இருந்தனீங்கள்,” என்றாள். “பிள்ளைக்கு இழுக்குது. நான் உங்கடை காலைப் பிடிச்சுக் கத்துறன். நீங்கள் மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டு, அசையாமல், ஒண்டும் நோகாத ஆள் மாதிரி இருந்தனீங்கள். அந்த மனம் உங்களிட்டை முதலே இருந்தது. அதைப் படிக்கவோ இவ்வளவு நாளும் அங்கை போனனீங்கள்?”

அவள் குரலை உயர்த்தவில்லை. சொல்லிவிட்டு மறுபடி துருவத் தொடங்கினாள்.

அதற்குப் பிறகு நான் விகாரைக்குப் போகவில்லை. குணதிலக இரண்டு தரம் கேட்டார், முதுகுப் பிடிப்பு என்று சொல்லிவிட்டேன். இப்போதும் சில வேளை கந்தோரில் எழுதிக்கொண்டிருக்கும்போது மனம் தன்பாட்டில் அடங்கப் பார்க்கும். உடனே பேனையை வைத்துவிடுவேன். எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வருவேன்.