மேல் டிவிஷனும் பதினோரு அறைகளும்

ஊர்க் கால்பந்து கிளப் மேல் டிவிஷனுக்கு ஏறிய சாயங்காலம் ஊரே தெருவில் நின்று தொண்டை கிழியக் கத்தியது. மைதானத்தின் மூன்றாம் வாசலுக்கு நேர் எதிரே இருந்த குழாய்க்கடையில் மட்டும், கடைக்காரம்மா அன்றைக்கு வந்திறங்கிய எல்போக்களை, குழாயை வளைத்து இணைக்கிற மூட்டுகளை, அளவு பார்த்துத் தட்டுகளில் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அரை அங்குலம் ஒரு தட்டு, முக்கால் அங்குலம் ஒரு தட்டு. வாசலில் யாரோ பட்டாசு கொளுத்தினார்கள். எழுந்து போய் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தாள்.

"முப்பது வருஷமா தோத்தவங்க ஒரு வருஷம் ஜெயிச்சா அதுக்குப் பேரு திறமை இல்ல. ஞாபக மறதி" என்றாள், சாமான் வாங்க வந்திருந்த பிளம்பரிடம். அவன் பாவம், கையிலிருந்த கிளப் கொடியை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

அந்த முப்பது வருஷத் தோல்வியையும் நேரில் இருந்து பார்த்தவர் அவள் வீட்டுக்காரர். தண்ணீர் மீட்டர் குறிக்கிற வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். வாயிலிருந்து வார்த்தை லேசில் வராது. மைதானத்தின் கிழக்கே, கூரையில்லாத சிமெண்ட் படிக்கட்டில், கீழிருந்து ஒன்பதாவது படி அவருடையது. மழையானாலும் வெயிலானாலும் அங்கேதான். 'ஒன்பதாம்படி' என்றே அவருக்குப் பெயர் நின்றுவிட்டது. அன்றைக்குக் கண் சிவந்து வீட்டுக்கு வந்தார்.

"எங்கப்பா செத்தன்னிக்குக்கூட உங்க கண்ணுல இவ்வளவு தண்ணி பாக்கல" என்று சொல்லிவிட்டு அவருக்குச் சாப்பாடு எடுத்து வைத்தாள். அவர் மேல் அவளுக்கு இளக்காரம் உண்டு. ஆனால் அது பழகிப்போன இளக்காரம். சேர்ந்து வாழ இடைஞ்சல் இல்லாதது. அவளால் பொறுக்க முடியாமல் போனது மற்றவர்களைத்தான்.

மறுநாளே நகராட்சித் தலைவர் மைக்கைப் பிடித்தார். பெரிய ஊர்களிலிருந்து ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் வருவார்களாம், தங்குவார்களாம், தின்பார்களாம், அள்ளிக்கொண்டு போவார்களாம். ஊரில் இனி வேலையில்லாதவன் என்று ஒருத்தன் இருக்கமாட்டானாம். அதற்கு ஆதாரமாக ஓர் ஆய்வறிக்கை வேறு, பளபளக்கிற அட்டையில். அதை எழுதிய நிபுணர் காலை ரயிலில் வந்து மத்தியான ரயிலில் திரும்பியவர் என்பது கடைக்காரம்மாவுக்குத் தெரியும். அவசரத்துக்குக் கழிப்பறை கேட்டு அவர் வந்தது அவள் கடைக்குத்தான். மைதானத் தெருவில் சாக்கடை மூடி உடைந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கூரையேறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானமேறி வைகுண்டம் காட்டுகிறானாம் என்று நினைத்துக்கொண்டு, தன் கடைக்கும் வந்திருந்த அறிக்கையை இரண்டு வாஷ்பேசின்கள் உரசாமல் இருக்க நடுவில் செருகி வைத்தாள்.

ஊர் அப்படி நினைக்கவில்லை. செருப்புத் தைக்கிறவரின் மூலைக்கடைக்கு வாடகை மும்மடங்கானது. அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். அங்கே கிளப் பனியன் விற்கிற கடை வந்தது. பிறகு மருந்துக்கடை போய் இன்னொரு பனியன் கடை. "இனிமே காய்ச்சல் வந்தா பனியன அரைச்சுத்தான் பத்துப் போடணும்" என்றாள் கடைக்காரம்மா.

அவளுக்கு ஒரே தம்பி. அச்சகம் வைத்திருந்தான். ரசீதுப் புத்தகம், பள்ளிக்கூடத்துக் கேள்வித்தாள், துக்கக் கடிதம் என்று இருபது வருஷமாக நிற்காமல் ஓடிய மெஷின். ஒரு நாள் காலையில் வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"அக்கா, மெஷினக் குடுத்துட்டேன்."

"யாருக்கு? எதுக்கு?"

"லாட்ஜ் போடப் போறேன். பதினோரு ரூம். டீம்ல பதினோரு பேரு, அதனால. கதவுல நம்பருக்குப் பதிலா அவங்கவங்க ஜெர்சிய மாட்டிடுவேன்."

"ஜெர்சிக்காரன் வேற கிளப்புக்குப் போனா ரூமும் கூடவே போயிடுமா?"

"நல்ல நேரத்துல நாலு வார்த்த நல்லதா பேச வராதே உனக்கு."

"அரசன நம்பிப் புருஷனக் கைவிட்ட கதையா இருக்குடா. இது வெளங்காது. அந்த மெஷின் உனக்குச் சோறு போட்டுச்சு."

"வெறும் சோறு எத்தன நாளைக்கு? சரி, அத விடு. பதினோரு கம்மோடு, பதினோரு பேசின், ஷவரு எல்லாம் வேணும். சொந்த அக்கா கடை இருக்க நான் வேற எங்க போவேன்? நல்லதா குடு."

அவள் எழுந்து போய், இருப்பதிலேயே விலை கூடின மாடலை எடுத்துக் காட்டினாள். சொல்லிப் பார்த்தாயிற்று, கேட்காதவனுக்கு விற்பதில் என்ன பாவம்? அந்தக் கோடையில் மைதானத்தைச் சுற்றி வீட்டுக்கு வீடு தடுப்புச் சுவர் எழுப்பி லாட்ஜ் ஆக்கினார்கள். எல்லாவற்றுக்கும் குழாய் அவளிடமிருந்துதான் போனது. ஒவ்வொருவனையும் கேலி பேசிக்கொண்டே பில் போட்டாள். கேலியைப் பொறுத்துக்கொண்டு வாங்கிப்போனார்கள்.

சீசன் தொடங்கியது. வெளியூர் ரசிகர்கள் வரத்தான் செய்தார்கள், அதில் பொய்யில்லை. பஸ் பஸ்ஸாக வந்தார்கள். போலீஸ் அந்த பஸ்களை நேரே மைதான வாசலில் கொண்டுவந்து நிறுத்தி இறக்கியது. உள்ளே தின்னவும் குடிக்கவும் விற்கிற உரிமையை எங்கேயோ இருக்கிற கம்பெனி ஒன்று மொத்தமாகக் குத்தகை எடுத்திருந்தது. ஆட்டம் முடிந்ததும் அதே வாசல், அதே பஸ். ஊருக்கென்று அவர்கள் விட்டுப்போனது சுவரோரத்து மூத்திரம் மட்டும்தான். ஆட்டக்காரர்களாவது ஊரில் குடியிருப்பார்கள் என்று பார்த்தால், அவர்கள் ஒரு மணி நேரத் தொலைவிலிருந்த நகரத்தில் வீடெடுத்துக்கொண்டு, பயிற்சிக்கு மட்டும் கறுப்புக் கண்ணாடிக் காரில் வந்து போனார்கள். தம்பியின் லாட்ஜில் நிலையாகத் தங்கியவர் ஒரே ஒருவர், மாற்று கோல்கீப்பரின் சித்தப்பா. வெந்நீரில் சூடு போதவில்லை என்று அவரும் தினம் ஒரு சண்டை.

சீசன் நடுவில் ஒரு மாத இடைவேளை வந்தது. அதற்குள் கிழக்குப் படிக்கட்டை இடித்துவிட்டு, கம்பெனி முதலாளிகள் உட்கார்ந்து பார்க்கக் கண்ணாடி அறைகள் கட்டினார்கள். இடைவேளை முடிந்து முதல் ஆட்டத்துக்குக் கிளம்பிப் போன வீட்டுக்காரர் பத்து நிமிஷத்தில் திரும்பி வந்தார். மிச்சமிருந்த டிக்கெட்டுகள் அவர் பென்ஷனுக்கு எட்டாதவை. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு ரேடியோவைத் திருகினார். கடைக்காரம்மாவிடம் இதற்கென்றே முப்பது வருஷமாகச் சேர்த்து வைத்த பேச்சு இருந்தது. அன்றைக்கு அதை எடுக்காமல் அவருக்குக் காப்பி போட்டுக் கொண்டுவந்து வைத்தாள்.

இரண்டு வாரம் கழித்து, ஆட்ட நாள் காலையில் கிளப் செயலாளர் மூச்சிரைக்கக் கடைக்குள் வந்தார். கோட் போட்டிருந்தார், பேன்ட் முழங்கால்வரை நனைந்திருந்தது.

"அம்மா, கண்ணாடி ரூம்ல கழிப்பறைத் தண்ணி எதுத்துக்கிட்டு வந்துடுச்சு. கார்ப்பெட் எல்லாம் நாசம். தண்ணி திரும்பி வராம தடுக்கற வால்வு, நாலு அங்குலம், உங்ககிட்டதான் இருக்குன்னாங்க."

"இருக்கு."

"மூணு மணிக்கு ஆட்டம். அமைச்சர் வர்றாரு."

"வரட்டுமே. காலத் தூக்கி வெச்சுக்கிட்டு உக்காரச் சொல்லுங்க."

"வெளையாடாதீங்கம்மா. என்ன விலைன்னு நீங்களே சொல்லுங்க."

"ஒன்பதாவது படின்னு ஒண்ணு இருந்துச்சே. அது இருந்த எடத்துல இப்ப என்ன இருக்கு?"

செயலாளர் விழித்தார். மனதுக்குள் படிகளை எண்ணியிருப்பார் போல. "நாலாம் நம்பர் ரூம்."

"அதுல என் வீட்டுக்காரருக்கு ஒரு நாற்காலி. சீசன் முடியறவரைக்கும். எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டாங்க. அதுக்குள்ள வால்வத் தொடச்சு வெக்கறேன்."

இருபது நிமிஷத்தில் அனுமதி அட்டை வந்தது. வீட்டுக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இஸ்திரி போட்ட சட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு போனார். ஆட்டத்தின் முதல் பாதி முடிந்ததும் வந்துவிட்டார்.

"என்ன, அதுக்குள்ள?"

"கண்ணாடி போட்டு மூடியிருக்கு. சத்தமே கேக்கல." குனிந்து செருப்பைக் கழற்றினார். "பக்கத்துல ஒருத்தரு மைதானத்துக்கு முதுகக் காட்டிக்கிட்டு சிமெண்ட் வெல பேசிட்டிருந்தாரு. நம்மாளு கோல் போட்டான். நான் எந்திரிச்சு நின்னு கத்திட்டேன். அத்தன பேரும் திரும்பி என்னப் பாத்தாங்க."

"யாரு போட்டது?" என்று கேட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

அவரும் அவளை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார். "நடுவுல ஆடுற அந்தக் குட்டையன்" என்று மட்டும் சொன்னார்.

அதற்கப்புறம் அவர் அந்த அறைக்குப் போகவில்லை. ரயில்வே யார்டுக்குப் பின்னால் லாரி டிரைவர்கள் ஆடுகிற ஆட்டத்தைப் பார்க்கப் போக ஆரம்பித்தார். அங்கே நின்றுகொண்டு பார்க்கலாம், கத்தலாம்.

கிளப் அந்த வருஷம் ஜெயித்தது மொத்தம் நாலே ஆட்டம். மறுபடி கீழ் டிவிஷனுக்கே தள்ளினார்கள். நகராட்சித் தலைவர் மறுபடியும் மைக்கைப் பிடித்து, விழுவது எழுவதற்குத்தான் என்றார். மைதானத் தெருவில் லாட்ஜ் லாட்ஜாகப் பூட்டு தொங்கியது. பனியன் கடைகள் இரண்டும் காலியாயின. செருப்புத் தைக்கிறவர் திரும்பி வரவில்லை.

தம்பி ஒரு தள்ளுவண்டியில் மூன்று கம்மோடுகளை ஏற்றிக்கொண்டு வந்து நின்றான். "இந்த மூணும் பொருத்தவே இல்லக்கா. திருப்பி எடுத்துக்கிறியா?"

அவ்வளவுதான், கடைக்காரம்மா பிடித்துக்கொண்டாள். "அன்னிக்கே சொன்னேன், கேட்டியா? மனக்கோட்டை கட்டறவனுக்கு அஸ்திவாரம் எதுக்கு? ஊரே குட்டிச்சுவத்துல போய் முட்டினா நீயும் முட்டணுமா?" தம்பி வண்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி தலை குனிந்து நின்றான். அவள் நிறுத்துவதாக இல்லை.

"நீதான வித்த" என்றார் வீட்டுக்காரர், ஸ்டூலில் உட்கார்ந்தபடி.

"என்ன?"

"வெளங்காதுன்னு இந்த ஊர்ல தெரிஞ்சது உனக்கு ஒருத்திக்குத்தான். தெரிஞ்சே, இருக்கறதுலயே ஒசத்தியா பாத்து அவன் தலையில கட்டின. தலைவராவது தெரியாமப் பேசினாருன்னு சொல்லிக்கலாம்."

அவள் கடையைச் சுற்றிப் பார்த்தாள். தரைக்குப் புது டைல்ஸ், பின்பக்கம் வாடகைக்குப் பிடித்த இரண்டாவது கிடங்கு. எல்லாம் இந்த வருஷத்தில் வந்தவை. கிளப் மேலே போனதில் உள்ளூரில் தேறிய ஒரே கடை அவளுடையது. ஊர்க்காரர்களைப் பார்க்கும்போது வருகிற அதே வெறுப்பு இப்போது தன்னை நினைத்தே வந்தது. அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை.

"எறக்குடா" என்றாள் தம்பியிடம். "பொருத்தின எட்டையும் கழட்டணும். ஸ்பேனர எடு, நானும் வரேன்."

"கழட்டினத யாரு வாங்குவாங்கக்கா?"

"அது என் பாடு."

இரண்டு நாள் ஆயிற்று கழற்றி முடிக்க. வீட்டுக்காரர் குழாய் முனைகளுக்கு மூடி போட்டுக்கொண்டே வந்தார். பதினொன்றுக்கும் அவனிடம் வாங்கிய விலையை அப்படியே தம்பி கையில் கொடுத்தாள். அதை வைத்து அவன் பக்கத்து ஊரில் ஒரு பழைய சின்ன மெஷின் பார்த்து வாங்கினான். முன்பிருந்ததில் பாதி வேலைதான் அது செய்யும். தான் செய்தது தப்பு என்று ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை. அவனும் எதிர்பார்க்கவில்லை.

அதிலிருந்து, யாராவது வந்து மொத்தமாகப் பத்து வாஷ்பேசின் கேட்டால், "எதுக்கு?" என்று கேட்கத் தொடங்கினாள். சொன்ன பதில் கோணலாகப் பட்டால் சரக்கு இல்லை என்று அனுப்பிவிடுவாள். சரக்கு அவர்கள் கண் முன்னால்தான் அடுக்கியிருக்கும். வியாபாரம் கொஞ்சம் படுத்தது. அவளுக்குத் திமிர் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். காதில் விழுந்தபோது, "ஆமா, திமிருதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.